ஒலியை நிறுத்திப் பார்த்த பாட்டு: இசைப்படக் காட்சியமைப்பைப் படிக்கக் கற்ற ஒரு வகுப்பு

பின்னணி

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரி ஒன்றின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை. இறுதியாண்டில் இசைப்படங்கள் பற்றி ஒரு விருப்பப் பாடம் இருந்தது. 22 மாணவர்கள், 2 ஆசிரியர்கள், வாரம் 2 மணி நேரமாக 8 வாரம். ஒவ்வொரு மாணவரும் ஒரு பாடல் காட்சியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆள் எங்கே நிற்கிறார், கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கையில் என்ன பொருள் இருக்கிறது ஆகியவை எப்படிப் பொருள் தருகின்றன என்று 1,500 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும்.

பாட்டு இல்லாத படத்தை அரிதாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதுவே பலமாக இருக்கும் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். ஆனால் நம் ஊரில் பாட்டு முதலில் காதுக்குத்தான் வருகிறது. படம் வெளியாவதற்குச் சில வாரம் முன்பே வரிகள் மனப்பாடமாகிவிடும். தியேட்டரில் உட்காரும்போது காட்சி அந்த வரிகளுக்குத் துணைப்படமாகத்தான் தெரியும். இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது கட்டுரைகள் வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் கட்டுரைகளில் கண்டது

மூன்றாம் வாரம் முதல் வரைவுகள் வந்தன. 22ல் 16 கட்டுரைகள் பாடல் வரிகளுக்குப் பொழிப்புரை. காட்சி என்ற சொல் அவற்றில் இருந்தது, காட்சி இல்லை. 4 கட்டுரைகள் நிறங்களை அகராதிபோல் எடுத்துக்கொண்டன: சிவப்பு என்றால் காதல், வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் துயரம். திரையில் இருந்ததைப் பார்த்து எழுதியவை இரண்டே.

பொழிப்புரையைவிட அதிகம் கவலை தந்தவை இரண்டு பிழைகள். 1952இல் வந்த ‘சிங்கின் இன் த ரெயின்’ படத்தின் மழைப் பாடலை எடுத்த ஒரு மாணவர், “நாயகன் ஆளில்லாத தெருவில் தன்னந்தனியாக ஆடுகிறான்” என்று எழுதி, தனிமை பற்றி இரண்டு பத்தி வளர்த்திருந்தார். அந்தத் தெருவில் ஆட்கள் உண்டு. தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு, ஒரு போலீஸ்காரர் உண்டு, கடைசியில் குடையை வாங்கிக்கொண்டு போகும் வழிப்போக்கர் உண்டு.

இன்னொரு மாணவி 1959இல் குரு தத் இயக்கிய ‘காகஸ் கே ஃபூல்’ படத்திலிருந்து ‘வக்த் நே கியா’ பாடலை எடுத்திருந்தார். “நாயகி பாடுகிறாள்” என்று எழுதினார். அந்தக் காட்சியில் யாருடைய உதடும் அசைவதில்லை. கீதா தத்தின் குரல் வெளியிலிருந்து வருகிறது. வஹீதா ரஹ்மானும் குரு தத்தும் பேசாமல் நிற்கிறார்கள். காட்சியின் உயிரே அந்த மூடிய உதடுகளில்தான் இருக்கிறது.

இரண்டு மாணவர்களும் காட்சியைப் பலமுறை பார்த்தவர்கள். கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. பாட்டின் சொற்கள் கண் செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்து முடித்துவிட்டன.

முதல் முடிவு: வரியைப் பிரித்து வைப்பது

நான்காம் வாரம் பாட்டுக்கும் காட்சிக்கும் இடையே சுவர் எழுப்புவது என்று முடிவானது. மூன்று சுற்று: முதலில் ஒலியில்லாமல் மூன்று முறை, அடுத்து படமில்லாமல் ஒலி மட்டும் ஒருமுறை, கடைசியாக இரண்டும் சேர்த்து. மனப்பாடமாக இருக்கும் பாட்டில் ஒலியை நிறுத்தினாலும் மனசுக்குள் பாட்டு ஓடும், உதட்டசைவே வரியை ஊட்டிவிடும். அதனால் பயிற்சிக்கு எல்லாரும் பழக்கமில்லாத மொழிப் பாட்டில்தான் தொடங்கினார்கள்.

சப்டைட்டிலையும் நிறுத்தச் சொன்னார்கள். படிக்கும் கண் பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடக் கனமான காரணம் எழுத்து உட்காரும் இடம். முழு உடலும் தெரிய எடுத்த நடனக் காட்சியில் சப்டைட்டில் வருவது சரியாகப் பாதங்களின் மேல். ஆட்டத்தைப் படிக்க வந்தவர் காலை மறைத்துக்கொண்டு படிக்கிறார்.

வரிகள் தள்ளிவைக்கப்பட வேண்டியவை என்று மாணவர்களை நம்பவைக்க ஒரு சான்று தேவைப்பட்டது. அது இசைப்பட வரலாற்றிலேயே கிடைத்தது. மழைப் பாடல் 1952 படத்துக்காக எழுதப்பட்டதில்லை. ஆர்தர் ஃப்ரீட் எழுதி, நாசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைத்த அந்தப் பாட்டு 1929லேயே ‘ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’ படத்தில் வந்துவிட்டது. அங்கே மழைக்கோட்டு போட்ட ஒரு கூட்டம் ஆடுகிறது. பார்ப்பவர் நாடக மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் கேமரா நேராக நிற்கிறது. பேசும்படம் புதிதாக வந்த காலத்து வேடிக்கை அது. ஜீன் கெல்லி ஆடியது, கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய படத்தில். அதே பாட்டு, 23 ஆண்டு இடைவெளி. ஒன்றில் மழை அலங்காரம், மற்றதில் மழை ஒரு மனிதனின் மனநிலை. வேறுபாடு வரியிலிருந்து வந்திருக்க வழியில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியதும் வகுப்பில் இதுபற்றிய வாதம் முடிந்துபோனது.

இரண்டாம் முடிவு: பதிவுத் தாள்

பொருள் சொல்வதற்கு முன் பதிவு. ஷாட் (வெட்டாமல் ஓடும் ஒரு படத்துண்டு) ஒன்றுக்கு ஒரு வரி. ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம், தூரம், கேமரா அசைவு, ஆட்கள் நிற்கும் இடம், பின்னணியில் யார், ஒளி வரும் திசை, கையிலுள்ள பொருள், பாட்டின் பகுதி, கட் விழும் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும்) இடம். கடைசிக் கட்டத்தில் கட் தாளத்தின் மேல் விழுகிறதா, இரண்டு தட்டுக்கு நடுவில் விழுகிறதா என்று எழுத வேண்டும்.

‘முழு உடலும் தெரிகிறதா’ என்று தனிக் கட்டம் ஒன்றும் இருந்தது. அந்தக் கேள்விக்கு இசைப்படத்தில் பெரிய வரலாறு உண்டு. 1930களில் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் தன் நடனங்களை உச்சி முதல் பாதம் வரை தெரியும்படி, முடிந்த அளவு வெட்டாமல் எடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதே காலத்தில், 1933இன் ‘42ஆம் தெரு’ போன்ற படங்களில், நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமராவை உத்தரத்துக்கு ஏற்றி, நடனப் பெண்களை மேலிருந்து பூக்கோலம்போல் எடுத்தார். முதலாமவரிடம் ஆடுவது ஒரு மனிதர். இரண்டாமவரிடம் ஆடுவது கோலம். மனிதர் அதில் ஒரு புள்ளி.

பதிவுக்கு வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருள் போதும். நிறுத்திவைத்து ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக (தனித்தனி நிலைப்படமாக) நகரும். பின்னோக்கி அப்படி நகராது. எனவே கட் வரும் இடத்துக்கு ஒரு நொடி முன்பே நிறுத்திக்கொண்டு முன்னால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நாலு நிமிடக் காட்சிக்கு முதல்முறை 3 மணி நேரம்வரை ஆனது.

பிரதிகளில் வந்த சிக்கல்

ஒரே காட்சியைப் பதிவு செய்த இருவரின் நேரக் கணக்கில் கிட்டத்தட்ட 10 நொடி வேறுபாடு வந்தது. ஒருவர் தவறு செய்திருப்பார் என்றே முதலில் எல்லாரும் நினைத்தார்கள். கர்னாடக இசை படித்த ஒரு மாணவிதான் இரண்டு பிரதியையும் ஹெட்போனில் கேட்டு, சுருதி ஒன்றாக இல்லை என்றார்.

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. ஐரோப்பாவுக்காகச் செய்த பழைய டி.வி.டி.க்களில் அதை 25ஆக ஓட்டியிருப்பார்கள். 240 நொடிக் காட்சி 230.4 நொடியில் முடிந்துவிடும். ஒலியும் சேர்ந்து வேகமாவதால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். அன்றிலிருந்து எந்தப் பிரதி, எத்தனை ஃபிரேம் என்பது பதிவுத் தாளின் முதல் வரியானது.

அடுத்த சிக்கல் ஃபிரேமின், அதாவது படச் சட்டத்தின், வடிவம். மழைப் பாடல் 1.37க்கு 1 என்ற ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுத்தது. இன்றைய அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டிய பிரதியில் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடுகிறது. போவது பெரும்பாலும் தொப்பியும் காலும்.

‘காகஸ் கே ஃபூல்’ இதற்கு நேர்மாறு. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் அது. பழைய டி.வி.க்காகப் பக்கங்களை வெட்டிய பிரதியில் அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அப்படிப்பட்ட பிரதியைப் பார்த்த மாணவர், “இருவரையும் இயக்குநர் ஒரே ஃபிரேமில் வைக்கவே இல்லை, பிரிவை அப்படித்தான் காட்டுகிறார்” என்று எழுதினார். முழு அகலப் பிரதியில் இருவரும் ஒரே ஃபிரேமில்தான் இருக்கிறார்கள். இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர், நடுவே மேலிருந்து சாய்ந்து விழும் ஒளிக்கற்றை. ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி கண்ணாடிகளை வைத்து வெயிலை ஸ்டுடியோவுக்குள் திருப்பி அந்தக் கற்றையை உருவாக்கினார். ஒரே கூரையின் கீழ் நின்றும் அணுக முடியாத இருவர் என்பதும், தனித்தனி ஷாட்டில் இருக்கும் இருவர் என்பதும் ஒன்றல்ல. மாணவரின் வாதம் தர்க்கமாகவே இருந்தது. அவர் பார்த்த படம்தான் குரு தத்தின் படமாக இல்லை.

மழைப் பாடல், நடைபாதையில்

ஐந்தாம் வாரம் காட்சியைத் தரையில் வரைவது என்று ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். துறையின் நீளமான வராந்தாவில் மாஸ்கிங் டேப்பால் நடைபாதை, அதன் விளிம்பு, சாலை மூன்றையும் கோடு போட்டார்கள். விளக்குக் கம்பத்துக்கு நாற்காலி, மழைநீர்க் குழாய்க்குத் துடைப்பம், தேங்கிய தண்ணீருக்கு நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. ஒருவர் குடையோடு நடந்தார், ஒருவர் போனோடு கேமராவாக நகர்ந்தார், மூன்றாமவர் பதிவுத் தாளை உரக்கப் படித்தார்.

வரிசை இப்படி வந்தது. நாயகன் காதலியை வாசலில் விட்டுவிட்டு வருகிறார், காத்திருக்கும் வண்டியை வேண்டாம் என்று அனுப்புகிறார். குடையை விரித்து நடக்கிறார். பிறகு மழையிலேயே குடையை மடக்குகிறார். விளக்குக் கம்பத்தில் தாவித் தொங்குகிறார். முகத்தை மழைக்கு நேரே நிமிர்த்துகிறார், அப்போது கேமரா நெருங்கி வருகிறது. கடைகளைக் கடக்கிறார், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் தலையைக் கொடுக்கிறார். சாலையின் நடுவுக்கு இறங்கி, விரித்த குடையைக் கையில் நீட்டிச் சுற்றிச் சுழல்கிறார். அப்போது கேமரா பின்வாங்கி மேலே எழுகிறது. பிறகு ஒரு கால் நடைபாதையிலும் ஒரு கால் சாலையிலுமாக நடை. கடைசியில் தேங்கிய தண்ணீரில் குதித்து மிதிக்கிறார். போலீஸ்காரர் வந்து நிற்கிறார்.

கேமரா ஏன் மேலே போகிறது என்ற கேள்விக்கு வகுப்பு அதுவரை “மகிழ்ச்சி பெருகுகிறது” என்றுதான் பதில் சொல்லியிருந்தது. வராந்தாவில் குடையைச் சுழற்றியபோது அருகே நின்ற போனில் கறுப்புத் துணிதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கை நீளமும் குடையின் அகலமும் சேர்ந்து ஒரு பெரிய வட்டம். அந்த வட்டம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் போன் தூரப் போக வேண்டும் அல்லது உயரப் போக வேண்டும். ஒரு மாணவி போனோடு மாடிப்படியில் ஏறி நின்றதும் வட்டம் விரிந்தது. நடைமுறைத் தேவையும் பொருளும் அங்கே ஒரே அசைவில் நிறைவேறுகின்றன. அந்த நொடியில் படிக்கட்டிலிருந்து எழுந்த சத்தமே இந்த எட்டு வாரத்தின் திருப்புமுனை என்று சொல்லலாம்.

அன்று மாலை மைதானத்தில் தோட்டக் குழாயால் மழை பொழியவைத்துப் பார்த்தார்கள். பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கைக் கேமராவின் பக்கமிருந்து அடித்தபோது தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. விளக்கைத் தண்ணீருக்குப் பின்னால் கொண்டுபோனதும் ஒவ்வொரு துளியும் ஒளிர்ந்தது. இரவு மழைக் காட்சிகளில் பின்னாலிருந்து வரும் ஒளிக்கு இதுதான் முதல் காரணம். இப்படிச் சோதிக்கிறவர்கள் மின்கம்பி இணைத்த விளக்கைத் தண்ணீர் அருகே வைக்கவே கூடாது.

ஓர் ஆசிரியரின் விளக்கம் இங்கேதான் உடைந்தது. நாயகன் நடைபாதை, விளிம்பு, சாலை, குட்டை என்று படிப்படியாகக் கீழே இறங்குகிறான், பெரிய மனிதனின் நாசூக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான் என்று அவர் சொல்லிவந்தார். “விளக்குக் கம்பத்தில் மேலே ஏறுகிறாரே சார்?” என்று பதிவுத் தாளைக் காட்டினார் ஒரு மாணவர். நியாயமான கேள்வி. திரும்பப் பார்த்தபோது, தொடர்ந்து மாறுவது உயரமில்லை, குடையின் வேலை. முதலில் மறைப்பு, பிறகு கைத்தடி, பிறகு ஆட்டத்துக்குத் துணை, கடைசியில் இன்னொருவருக்குத் தானம். நனைந்து நிற்கிறவர், நனையாமல் போக விரும்புகிறவருக்கு அதைக் கொடுத்துவிடுகிறார். ஆசிரியர் தன் குறிப்பை மாற்றிக்கொண்டார்.

இரண்டாம் வரைவும் மூன்றாம் முடிவும்

ஆறாம் வாரம் வந்த வரைவுகளில் பொழிப்புரை 3ஆகக் குறைந்திருந்தது. வேறொரு குறை முளைத்தது. 7 பேர் பதிவுத் தாளையே வாக்கியமாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள்: நாலாவது ஷாட் இத்தனை நொடி, ஐந்தாவது இத்தனை நொடி. ஒருவர் சராசரி ஷாட் நீளத்தைக் கணக்கிட்டு, அதை வைத்தே காட்சி “நிதானமானது” என்று முடித்திருந்தார். 240 நொடியில் 10 ஷாட் என்றால் சராசரி 24. அதில் ஒரே ஷாட் 90 நொடியாக இருந்தால் மற்றவை சராசரி 17 நொடிக்கும் கீழே போய்விடும். காட்சி எங்கே மூச்சுவிடுகிறது என்பதைச் சராசரி காட்டாது.

எனவே மூன்றாவதாக ஒரு விதி: ஒவ்வொரு கவனிப்புக்குப் பிறகும் ‘இதை மாற்றினால்?’ என்று ஒரு கேள்வி. குடையை மடக்காமலே ஆடியிருந்தால்? சுழலும்போது கேமரா மேலே போகாமல் முகத்துக்கு வந்திருந்தால்? போலீஸ்காரர் வராமலே பாட்டு முடிந்திருந்தால்? மாற்றினால் எது கெடுகிறதோ அதுதான் அந்த அமைப்பு சுமக்கும் பொருள். எதுவும் கெடவில்லை என்றால் அந்தக் கவனிப்பைக் கட்டுரையில் வைக்க வேண்டாம்.

நிற அகராதிக்காரர்களுக்கும் இதுவே மருந்தானது. 1964இல் ழாக் தெமி எடுத்த ‘ஷெர்பூரின் குடைகள்’ படத்தில் பேச்சு முழுதும் பாட்டு. மிஷெல் லெக்ராண்ட் இசை. அதில் நாயகியின் உடையும் அவள் பின்னால் இருக்கும் சுவர்க் காகிதமும் நிறத்தில் ஒன்றுசேரும் இடங்கள் உண்டு. இளஞ்சிவப்பு என்றால் காதல் என்று எழுதிய மாணவியிடம், சுவரின் நிறத்தை மட்டும் மாற்றி யோசிக்கச் சொன்னார்கள். உடை சுவரோடு சேரும்போது அவள் அந்த வீட்டின் ஒரு பகுதியாகிறாள், சேராதபோது தனியாளாக நிற்கிறாள் என்று அவரே கண்டார். நிறம் தனக்குள் பொருளை வைத்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்துதான் அது பேசுகிறது.

ஒலி நிறுத்தம் தோற்ற இடம்

இரண்டு மாணவர்கள் 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ‘நலந்தானா’ காட்சியை எடுத்திருந்தார்கள். ஊரறிய நடக்கும் கச்சேரியில், காயப்பட்டு வந்திருக்கும் நாதஸ்வரக்காரரிடம் நடனக்காரி ஆட்டத்தின் வழியே நலம் விசாரிக்கிறாள். விதிப்படி ஒலியை நிறுத்திப் பார்த்த இருவரும், அவள் கேட்கிறாள், அவர் பதில் சொல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதினார்கள்.

பதில் நாதஸ்வரத்தில் இருக்கிறது. சிவாஜி கணேசனின் கண் பாதியைச் சொல்கிறது, மீதியை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு சொல்கிறது. ஒலியை நிறுத்தினால் உரையாடலில் ஒருவரின் வாயைக் கட்டியதாகிவிடுகிறது. கண்ணதாசனின் வரிகளையும் இங்கே தள்ளிவைக்க முடியாது. சபை முழுக்கக் கேட்கும் சொல், ஒரே ஒருவருக்கு மட்டும் வேறு பொருள் தருகிறது என்பதுதான் காட்சியின் அமைப்பு. கட்டுரையைத் திருத்த இருவருக்கும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். யாருடைய கண் யாரைப் பார்க்கிறது, அந்தப் பார்வையின்போது நாதஸ்வரம் ஒலிக்கிறதா ஓய்ந்திருக்கிறதா என்று இரண்டு கட்டம் சேர்த்து அவர்கள் செய்த பதிவு, வகுப்பிலேயே சிறந்ததாக அமைந்தது.

முடிவில்

எட்டாம் வாரம் 22 கட்டுரைகளும் வந்தன. 17ல் ஒவ்வொரு கூற்றுக்கும் ஷாட் எண் இருந்தது. படத்தை ஓட்டிச் சரிபார்க்க முடிந்தது. 4 கட்டுரைகளில் கவனிப்பு சரி, பொருள் மெலிவு. ஒருவர் மட்டும் கடைசிவரை வரிகளை விடவில்லை. அவர் எடுத்தது தனக்கு மிகவும் பிடித்த பாட்டு. மனசுக்கு நெருக்கமான பாட்டை முதல் ஆய்வுக்கு எடுக்கவிட்டது ஆசிரியர்களின் தவறு. ஆளில்லாத தெரு என்று எழுதியவர், தெருவில் வரும் ஆட்களைப் பற்றியே கட்டுரையை மாற்றி எழுதியிருந்தார். மற்றவர்கள் மழையிலிருந்து ஓடுவதால்தான் இவர் ஓடாமல் நிற்பது தெரிகிறது என்பது அவர் வாதம்.

அடுத்த முறை மாற்றுபவை

முதல் வரைவு எழுதவைத்துத் திருத்தியதில் 3 வாரம் போனது. பதிவுத் தாளை முதல் வாரமே கொடுக்க வேண்டும். பிரதிகளைத் துறையே சரிபார்த்து, ஃபிரேம் வேகமும் சட்ட வடிவமும் எழுதிய ஒரே பிரதியை எல்லாருக்கும் தர வேண்டும். வராந்தாப் பயிற்சியை இரண்டாம் வாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் கற்றதை வேறு எதுவும் அவ்வளவு வேகமாகக் கற்றுத் தரவில்லை.

ஒலியை நிறுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று தாளின் தலைப்பில் சேர்கிறது: இந்த இசையைத் திரையில் இருப்பவர்கள் கேட்கிறார்களா? கேட்கிறார்கள் என்றால், யார் வாசிக்கிறார், யார் காதில் விழுகிறது என்பதற்கு இரண்டு தனிக் கட்டங்கள்.